போப்பின் தோட்டமும் முனியன் பனையும்
(பெயரிடுதல் குறித்துச் சில குறிப்புகள்)

1

எங்கள் ஊர் டி. கல்லுப்பட்டி. மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக ராஜபாளையம் போகிற சாலையில் இருக்கிறது. முன்னால் நிற்கும் ‘டி’ தேவன்குறிச்சியைக் குறிக்கும். வேறு கல்லுப்பட்டிகளும் இருப்பதால் இந்த ஒட்டு. எழுத்தில் ‘கல்’தான். ஆனால் லகர ளகர வேறுபாடு நம்மில் பலருடைய நாக்கில் நிற்பதில்லை. நான் கல்லூரியில் சேர்ந்த அன்று, பதிவேட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவர் ஊரைக் கேட்டார், சொன்னேன். ‘கள்ளுப்பட்டி’ என்று எழுதினார். விண்ணப்பத்தோடு இணைத்திருந்த சாதிச் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சரியாத்தான் எழுதியிருக்கேன் போலிருக்கே” என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்னும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

என் தாத்தா பனையேறி. அவருக்குச் சொந்தமாக ஒரு மரமும் கிடையாது. பருவத்துக்குப் பருவம் குத்தகைக்குப் பேசி ஏறியவர். இந்தத் தகவல் கட்டுரையின் கடைசியில் மறுபடியும் தேவைப்படும்.

சில மாதங்களுக்கு முன் வெளிநாட்டுக் கப்பலில் வேலைபார்த்துத் திரும்பிய நண்பர் ஒருவர் ஒரு காலிப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். “சரக்கு தீர்ந்துபோச்சுண்ணே, பாட்டில் அழகா இருந்துச்சு. மணிபிளான்ட் வச்சுக்கங்க” என்றார். லேபிளில் ‘ஷாத்தோ பாப் க்ளெமான்’ என்று இருந்தது. போப் க்ளெமென்ட் மாளிகை என்று சொல்லலாம். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நண்பர் கேட்டார்: “ஏண்ணே, சாராயத்துக்குப் போய் போப்பு பேர வப்பாங்களா? நம்மூர்ல கள்ளுக்கு சாமி பேர வச்சா சும்மா விடுவானுங்களா?”

இக்கட்டுரை அவருடைய இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல முயல்கிறது. ஒரு பானத்துக்குக் கடவுளின், புனிதரின், துறவியின் பெயர் எப்படி வந்து சேர்கிறது? இன்னொரு பானத்துக்கு ஏன் சாதிப் பெயர் மட்டுமே மிஞ்சுகிறது?

2

முதலில் அந்தப் பாட்டிலின் கதை. பிரான்சின் தென்மேற்கில் பொர்தோ நகரத்தை ஒட்டி பெஸ்ஸாக் என்றொரு ஊர். பெர்த்ரான் து கோ என்பவர் 1299இல் பொர்தோவின் பேராயர் ஆனபோது அங்கிருந்த திராட்சைத் தோட்டம் அவர் கைக்கு வந்தது என்று அத்தோட்டத்தின் வரலாறு சொல்கிறது. ஆறே ஆண்டுகளில், 1305இல், அவர் ஐந்தாம் க்ளெமென்ட் என்ற பெயரோடு போப் ஆனார். ரோமாபுரிக்குப் போகவே இல்லை. 1309இல் போப்பின் இருப்பிடத்தை அவிஞ்ஞோனுக்குக் கொண்டுவந்தார். பிரெஞ்சு அரசன் நான்காம் பிலிப்பின் நெருக்குதலில் 1312இல் ‘கோயில் வீரர்கள்’ சபையைக் கலைத்தவரும் இவரே. அந்தச் சபைக்கு நிலமும் பணமும் நிறைய இருந்தன, அரசனுக்குக் கடன் நிறைய இருந்தது என்பதைச் சேர்த்து வாசித்தால் ‘மத விரோதம்’ என்ற குற்றச்சாட்டின் பொருளாதாரம் புரியும்.

போப் ஆனவர் தன் தோட்டத்தைப் பொர்தோ பேராயர்களுக்கே விட்டுக்கொடுத்தார். பிரெஞ்சுப் புரட்சி வரை, ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள், அது திருச்சபையின் சொத்தாகவே இருந்தது. 1789 நவம்பர் 2இல் திருச்சபைச் சொத்துகள் அனைத்தும் தேசத்தின் கைக்கு வந்துவிட்டதாகப் பாரிசில் சட்டமன்றம் அறிவித்தது. அப்புறம் ஏலம். கடவுளின் நிலத்தை யார் வாங்கினார்கள்? காசு வைத்திருந்தவர்கள் வாங்கினார்கள். வணிகர்களும் வக்கீல்களும் ஊர்ப் பெரிய மனிதர்களும் வாங்கினார்கள். கொடியை வெட்டிக் கட்டியவர்களில் பெரும்பாலோர் ஏலத்தை வேடிக்கை பார்த்தார்கள். பெஸ்ஸாக் தோட்டமும் இப்படித்தான் தனியார் சொத்தானது. 1937இல் பெய்த ஆலங்கட்டி மழை கொடிகளை நாசம் செய்தது. 1939இல் அதை வாங்கிய பால் மொந்தாஞ் என்பவர் மறுபடியும் நட்டு மீட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலம் போப்பிடமிருந்து போய்விட்டது, போப்பின் பெயர் போகவில்லை. திருச்சபையைத் தரைமட்டம் ஆக்கிய புரட்சிக்குப் பிறகும், அரசையும் மதத்தையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும், அந்தப் பெயர் பாட்டிலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பக்தியினாலா? பெயர் முன்பு ‘இது யாருடைய நிலம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது ‘இது எவ்வளவு விலை’ என்று சொல்லுகிறது. உரிமைப் பத்திரமாக இருந்தது விலைச் சீட்டு ஆகிவிட்டது. நடுவில் புனிதம் என்ற ஒன்று கலைந்துபோயிருக்க வேண்டும் அல்லவா? கலையவில்லை. மூலதனம் புனிதங்களையெல்லாம் கரைத்துவிடும் என்று நாம் பாடம் படித்திருக்கிறோம். சிலவற்றைக் கரைக்காமல் பாட்டிலில் அடைத்து மூடி போட்டும் வைக்கும் என்பதையும் சேர்த்துப் படித்தாக வேண்டும்.

இந்த ஐந்து நூற்றாண்டுகளில் அங்கே உழைத்தவர்கள் பெயர் என்ன? பொர்தோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் இத்தனை நிலத்துக்கு ஆண்டுக்கு இவ்வளவு கூலி என்று ஒப்பந்தம் பேசிக் குடும்பம் குடும்பமாக வேலை செய்தார்கள். ஆண்கள் கொடியைக் கவாத்து செய்தார்கள். பெண்கள் வெட்டி விழுந்த குச்சிகளைப் பொறுக்கிக் கட்டினார்கள், கொடிகளை இழுத்துக் கட்டினார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் எந்தத் தோட்டத்துக்கும் வைக்கப்பட்டதில்லை. ஒன்பது ஆண்டுகள் மட்டுமே போப்பாக இருந்த மனிதரின் பெயர் எழுநூறு ஆண்டுகளாக நிற்கிறது.

3

போப்பே வைத்த பெயரல்லவா, போப்புக்குச் சொந்தமாக இருந்ததல்லவா, அதிலென்ன தப்பு என்று கேட்பவர்களுக்கு இன்னொரு ஊரைக் காட்டுகிறேன். எங்கள் ஊர்க்காரனுக்கு இந்தக் கதையில் தனிப்பட்ட சுவாரசியம் உண்டு.

அவிஞ்ஞோனுக்குப் பக்கத்தில் ‘ஷாத்தோநெஃப் து பாப்’ என்றொரு ஊர். ‘போப்பின் புதுக்கோட்டை’ என்று தமிழில் சொல்லலாம். ஐந்தாம் க்ளெமென்டுக்கு அடுத்து வந்த இருபத்திரண்டாம் யோவான் அங்கே ஒரு கோட்டை கட்டினார். இந்த ஊரின் சிவப்பு வைன் உலகப் பிரசித்தம். ஊருக்கு இந்தப் பெயர் எப்போது வந்தது என்று நினைக்கிறீர்கள்? 1893இல்! அதுவரைக்கும் அது ‘ஷாத்தோநெஃப் கல்செர்னியே’. சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்புக் காளவாசலும் இருந்த ஊர் என்பதால் அந்த ஒட்டு. அதாவது நம்முடைய கல்லுப்பட்டி மாதிரியே ஒரு கல்லுப்பட்டி!

போப்புகள் அவிஞ்ஞோனை விட்டுப் போய் ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் கழித்து இந்தக் கல்லூர் போப்பூர் ஆனது. ஏன்? 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலோக்சீரா என்னும் வேர்ப்பேன், ரோன் நதியின் அக்கரையிலுள்ள ரோக்மோர் பக்கம்தான் பிரான்சில் முதன்முதலாகத் தென்பட்டது. சீக்கிரமே இக்கரைக்கும் வந்தது. கொடிகள் செத்தன. பிழைத்தவர்கள் மறுபடி நட்டார்கள், மறுபடி சந்தைக்குப் போக வேண்டியிருந்தது. சுண்ணாம்புக் காளவாசலின் பெயரை வைத்துக்கொண்டு வைன் விற்க முடியுமா? போப்பின் பெயரால் விற்க முடியும். அப்போது பிரான்ஸ் குடியரசு. பள்ளிக்கூடங்களிலிருந்து பாதிரிமார்களை வெளியேற்றிக்கொண்டிருந்த காலம். அந்தக் காலத்தில்தான் ஓர் ஊர் போப்பின் பெயரைச் சூட்டிக்கொண்டது.

ஆகவே ‘தொன்றுதொட்டு வழங்கிவரும் புனிதப் பெயர்’ என்று யாராவது சொன்னால் நாம் முதலில் கேட்க வேண்டியது ஆண்டு. 1936இல் இந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. வரையறுத்த எல்லைக்கு வெளியே விளைந்த திராட்சையில் செய்த வைனுக்கு அந்தப் பெயரைப் போட்டால் குற்றம். பெயர் வேலியாகிவிட்டது. வேலி எவ்வளவு உயரம் என்பதற்கு ஒரு வேடிக்கை: 1954இல் அந்த ஊர் மேயர், பறக்கும் தட்டுகள் தங்கள் ஊர் எல்லையில் இறங்கக் கூடாது, மீறி இறங்கினால் பறிமுதல் செய்யப்படும் என்று உத்தரவே போட்டார். விளம்பரத்துக்காகத்தான் என்றாலும், பெயரின் எல்லை வானம் வரை போகிறது என்பதை அந்த மேயர் புரிந்துவைத்திருந்தார்.

ரோலன் பார்த் 1957இல் வெளியிட்ட ‘மித்தாலஜீஸ்’ தொகுப்பில் வைனைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. வைன் எப்படி பிரெஞ்சு தேசத்தின் குலக்குறி போலக் கட்டமைக்கப்படுகிறது என்று விளக்கிவிட்டு, கடைசியில் அல்ஜீரியாவுக்கு வருகிறார். குடிக்காத முஸ்லிம்களின் நிலத்தைப் பறித்து, ரொட்டிக்கே வழியில்லாத ஊரில், குடியேறிகள் திராட்சை நட்டார்கள் என்பதை நினைவூட்டுகிறார். நல்ல தொன்மம் என்றால் அதை விளைவித்த கைகள் தெரியக் கூடாது. அல்ஜீரியாவில் தெரியாமல் போனது நிலத்தைப் பறிகொடுத்தவர்கள். பெஸ்ஸாக்கில் குச்சி பொறுக்கிய பெண்கள்.

4

மதுரைப் பக்கம் வருவோம். எங்கள் ஊரிலிருந்து மேற்கே போனால் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ‘மஸ்கட் ஹாம்பர்க்’ என்ற ரகம். இதை 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் நம் ஆட்கள் அதற்குப் பாதிரியார் பெயரையும் வைக்கவில்லை, புனிதர் பெயரையும் வைக்கவில்லை. முகர்ந்து பார்த்து ‘பன்னீர்’ என்று வைத்துவிட்டார்கள். தின்கிறவனும் விளைவிக்கிறவனும் வைத்த பெயர் அது. சட்டம் இப்போதுதான் வந்து அதற்கு வேலி கட்டியிருக்கிறது.

கொடியோடு வந்த பானத்தின் கதை வேறு. கத்தோலிக்கத் திருப்பலிக்கு வைன் வேண்டும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 924ஆம் விதியில் அது கொடியின் கனியிலிருந்து இயற்கையாகப் பெறப்பட்டதாக, கெட்டுப்போகாததாக இருக்க வேண்டும் என்கிறது. பனையோ தென்னையோ உதவாது. பாலஸ்தீனத்தில் ஏழை எளியவன் வீட்டில் இருந்த பானம், நம்மூருக்கு வரும்போது கப்பலில் வர வேண்டிய பானமாகிவிடுகிறது. இதிலும் ஒரு விசித்திரம்: 1415இல் கான்ஸ்டன்ஸ் சங்கம் பொதுமக்களுக்குக் கிண்ணம் கிடையாது, அப்பம் மட்டும்தான், கிண்ணம் குருவானவருக்கு என்று தீர்மானித்தது. அதே ஆண்டு அதே நகரத்தில் யான் ஹூஸ் எரிக்கப்பட்டார். அவர் வழிவந்த பொஹீமிய விவசாயிகளும் கைவினைஞர்களும் கிண்ணத்தையே கொடியில் வரைந்துகொண்டு போர் செய்தார்கள். எங்களுக்கும் அந்தக் கிண்ணத்தில் பங்கு கொடு என்பது அவர்கள் கோரிக்கை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) பிறகுதான் பொதுமக்களுக்குக் கிண்ணம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. நம்மூர்க் கோயில்களில் இன்றும் பெரும்பாலும் அப்பம் மட்டும்தான். ஆக, கடவுளின் பெயரால் விளைந்த பானத்தைக் கடவுளின் சனங்கள் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் குடிக்கவில்லை.

1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் போன்ற புராட்டஸ்டண்ட் பக்கத்தில் வேறொரு சிக்கல். குடியை எதிர்த்துப் பிரசங்கம் செய்துவிட்டு வைனை எப்படிக் கொடுப்பது? 1869இல் அமெரிக்காவில் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர் புளிக்காத திராட்சைச் சாற்றைத் திருவிருந்துக்கென்றே தயாரித்தார். பெயர் அப்படியே இருந்தது, சரக்கு மாறியது.

இப்போது சட்டத்துக்கு வாருங்கள். சென்னை மாகாண மதுவிலக்குச் சட்டம் 1937இல் ராஜாஜி ஆட்சியில் வந்தது. முதலில் சேலம் மாவட்டம், 1948க்குள் மாகாணம் முழுக்க. 1971இல் தளர்ந்தது, 1974இல் மறுபடி இறுகியது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 1987இல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. 2003இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கே வந்தது. இந்தச் சட்டத்தின் கீழ் 1984இல் தனியாக ஒரு விதித்தொகுப்பு உண்டு. அதன் பெயர் ‘மாஸ் வைன் விதிகள்’, அதாவது திருப்பலி வைனுக்கான விதிகள். ஒரு பானம் வழிபாட்டுக்கு வேண்டும் என்றால் அரசு அதைப் பெயர் சொல்லி அனுமதிக்கும். நியாயம்தான், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் கருப்பனுக்கும் முனியனுக்கும் கள் படைக்க விதிகள் என்று எதுவும் கிடையாது. அவர்களுக்குக் கள் வைப்பது வழிபாடு என்றே சட்டம் நினைக்கவில்லை. பூசாரி கடையில் பாட்டில் வாங்கி வைக்கிறார். பூமியிலிருந்து மரத்தின் வழியாக வந்த பானத்தைக் குடித்த சாமி, இப்போது தொழிற்சாலை பாட்டிலைக் குடிக்கிறது. நண்பரின் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான்: கள்ளுக்குச் சாமி இருந்தது, சட்டத்தின் காகிதத்தில் அந்தச் சாமிக்கு இடம் இல்லை. அதே நேரத்தில் 1954இல் வந்த ‘ஓல்டு மாங்க்’ ரம்மை நாம் எல்லோரும் அறிவோம். கிழத் துறவி! ஐரோப்பிய மடாலயத்து வாசனையை இமாலய அடிவாரத்துத் தொழிற்சாலை இரவல் வாங்கியது. இரவல் துறவிக்கு லேபிளில் இடம் உண்டு, உள்ளூர் முனிக்குக் கிடையாது.

இதைக் கிறிஸ்தவத்துக்கு எதிரான வாதமாக எடுத்துக்கொண்டு போக இன்று ஆள் காத்திருக்கிறது. அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பெரிய கோயில்களுக்குள் கருப்பனின் கலயத்தை அனுமதிக்காதது பாதிரியார் அல்ல. எங்கள் பாட்டன்மார்களைக் கோயில் வாசலில் நிறுத்தியதும், 1899இல் சிவகாசியைக் கொளுத்தியதும் பாதிரியார் அல்ல. உங்கள் கையில் கொடுப்பதற்காக இந்தக் கட்டுரையை எழுதவில்லை.

பெயரிடுபவனும் உழைப்பவனும் ஒரே ஆளாக இருக்க முடியுமா என்பதற்குத் தமிழ்ப் பரப்பிலேயே ஓர் உதாரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் தோலகட்டி. 1928இல் அருட்தந்தை பி. ஏ. தோமஸ் தொடங்கிய செபமாலைத்தாசர் சபையின் ஆச்சிரமம் அங்கே இருக்கிறது. செபமாலையின் பெயரையே சூடிய துறவிகள் மௌனம் காத்து, இரவும் பகலும் முறைவைத்துச் செபித்து, தாங்களே உழைத்து வைனும் நெல்லிரசமும் செய்து பிழைத்தார்கள். ‘ரோசரியன்’ என்ற பெயர் அவர்கள் வைனில் இருக்கிறதென்றால், அதைச் செய்த கைகளின் பெயரும் அதுவேதான். பெஸ்ஸாக்குக்கும் தோலகட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை மதத்தை மட்டும் பார்க்கிற கண் பார்க்காது. அதே யாழ்ப்பாணத்தில் பனங்கள் சட்டப்படியான தொழில், சீவல் தொழிலாளருக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. அங்கேயும் சாதி போய்விடவில்லை. ஆனால் மரமேறுவது குற்றமில்லை.

5

எங்கள் ஊருக்கு இன்னொரு பெயர் மாற்றக்காரரோடு உறவு உண்டு. 1940இல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில் 1950களில் வந்து தங்கியவர் ஜே. சி. குமரப்பா. பிறந்தது 1892இல் தஞ்சாவூரில். பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, கோட்டும் சூட்டுமாக பம்பாயில் இருந்தவர். காந்தியிடம் வந்தபிறகு கொர்னேலியஸை விட்டுவிட்டுக் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டார். ஆனால் கிறிஸ்துவை விடவில்லை. சிறையில் இருந்து எழுதிய இரண்டு நூல்களில் ஒன்று இயேசுவின் நடைமுறை பற்றியது, மற்றது நிலைத்த பொருளாதாரம் பற்றியது. பெயரில் இருக்கிற மதத்துக்கும் வாழ்க்கையில் இருக்கிற மதத்துக்கும் இடைவெளி உண்டு என்பதை உடம்பால் காட்டியவர். 1960 ஜனவரி 30இல் இறந்தார்.

குமரப்பாவுக்குப் பனை பிடிக்கும். கரும்பு நல்ல நிலத்தையும் தண்ணீரையும் தின்கிறது, பனை தரிசில் நிற்கிறது, ஆகவே வெல்லத்தைப் பனையிலிருந்து எடு, நிலத்தை நெல்லுக்கு விடு என்பது அவர் கணக்கு. கள்ளை அவர் ஏற்கவில்லை. பதநீர், கருப்பட்டி, அவ்வளவுதான். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் என்ன தெரியுமா? சுண்ணாம்பு. கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் பதநீர். தடவாமல் கட்டினால் விடிவதற்குள் புளித்துக் கள். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே ஆள். ஒரு விரல் சுண்ணாம்பில் ஒருவன் கிராமக் கைத்தொழிலாளி, இல்லையென்றால் குற்றவாளி.

பெயர் விவகாரம் எங்கள் சாதிக்குள்ளும் நடந்தது. 1910இல் நாடார் மகாஜன சங்கம் தொடங்கியது. 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘சாணார்’ என்ற பழைய பெயர் போய் ‘நாடார்’ பதிவானது. இழிவுப் பெயரைத் தூக்கியெறிந்தது மகத்தான போராட்டம், அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் பெயர் மேலே ஏறும்போது மரம் ஏறியவர்கள் கீழேயே நின்றார்கள். கடை வைத்தவர்களுக்குப் புதுப் பெயர் பொருந்தியது. இடுக்கியும் பாளையரிவாளும் இடுப்பில் தொங்கவிட்டவரைப் பார்த்து, “இன்னுமா ஏறிக்கிட்டிருக்கே?” என்று கேட்டவர்கள் சொந்தக்காரர்கள்தான். என் தாத்தாவிடம் அப்படிக் கேட்டவர் அவருடைய தம்பி.

கள்ளைத் தூக்கிப் பிடித்து இன்னொரு புனிதத்தை உண்டாக்கும் எண்ணமும் எனக்கு இல்லை. தோழர்கள் சிலர் ‘கள் நமது பண்பாடு’ என்று மேடையில் முழங்கும்போது எனக்கு என் அத்தை ஞாபகம் வருகிறது. மாமாவும் பனையேறி. அத்தை சொல்வார்: “குடிக்காட்டி மரத்துல ஏற முடியாதும்பாக உங்க மாமா. சரி. எறங்குன பெறகும் எதுக்குக் குடிச்சாகன்னு கேளு. அடுப்புல எரிச்சது நானு, கருப்பட்டி காய்ச்சுனது நானு, அடி வாங்குனதும் நானு.” பண்பாடு பற்றிய எந்தச் சொல்லாடலிலும் இந்தக் குரல் இல்லாவிட்டால் அதுவும் ஒரு லேபிள்தான். கள்ளுக்கு அனுமதி வேண்டும் என்று நான் கருதுகிறேன். அரசே பாட்டில் விற்கும் மாநிலத்தில் மரமேறுபவனை மட்டும் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை. ஆனால் அந்த அனுமதியின் வருமானம் யார் கையில் வரும் என்பதை அத்தை மாதிரியான பெண்களைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது.

6

பெயரிடுதல் என்பது அதிகாரத்தின் வேலை என்று நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். அது சரி. ஆனால் இந்தக் கதைகளையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது இன்னும் குறிப்பாகக் கேட்கலாம் என்று தோன்றுகிறது. ஒரு பெயரைக் கண்டால் மூன்று கேள்வி: எந்த ஆண்டு வைத்தது? அந்த ஆண்டில் யாருக்கு என்ன விற்க வேண்டியிருந்தது? அதற்கு முன் அங்கே என்ன பெயர் இருந்தது? ஷாத்தோநெஃபில் மூன்றாவது கேள்விக்குச் சுண்ணாம்புக் காளவாசல் பதிலாக வந்தது. நம் ஊர்ப் பெயர்கள், தெருப் பெயர்கள், சாமிப் பெயர்கள் எல்லாவற்றிலும் கேட்கலாம். ‘தொன்மை’ என்று சொல்லி வாயடைக்கிற இடத்தில் கட்டாயம் கேட்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியை என் தாத்தாவிடம் கேட்காமல் விட்டுவிட்டேன். அவர் குத்தகைக்கு ஏறிய மரங்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. பனையேறிகளுக்கு ஒவ்வொரு மரமும் தனி ஆள். எந்த மரம் எப்போது பாளை விடும், எது கையைக் கிழிக்கும், எதில் காற்றடித்தால் ஏறக் கூடாது என்று தெரிந்தாக வேண்டும். தெரிந்துவைப்பதற்குப் பெயர் வேண்டும். கூனி, இரட்டைச்சி, கிணத்தடிக்காரி, மொட்டையன் என்று சொல்வார். ஓடைக்கரையில் தனியாக நின்றது முனியன் பனை. அதில் ஏறும் முதல் நாள் தளைநாரைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். முதல் கலயத்தில் கொஞ்சம் தரையில் ஊற்றிவிட்டுத்தான் இறங்கி வருவார். அவருக்கும் ஒரு தோட்டம் இருந்தது, அதற்கும் சாமி பெயர் இருந்தது. குத்தகைச் சீட்டில் மட்டும் ‘பனை 34’ என்று இருந்தது.

அந்த நிலம் இப்போது மனைப்பிரிவு. வாசலில் ஒரு பெயர்ப்பலகை, அதில் ஒரு சாமியின் பெயரோடு ‘நகர்’ சேர்த்திருக்கிறார்கள். முனியன் பனையை வெட்டிய இடத்தில் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. முப்பத்திநான்கில் பதினோரு மரத்தின் பெயரை நானாக எழுதிவைத்திருக்கிறேன். மீதியில் சிலவற்றை அத்தை சொன்னார், ஆனால் அவர் சொல்கிற பெயர்கள் வேறு. அடுப்புக்கு எந்த மரத்து ஓலை நின்று எரியும், எந்த மரத்துப் பதநீர் சீக்கிரம் பாகு இறங்கும் என்பதை வைத்து அவர் தனியாகப் பெயர் வைத்திருந்திருக்கிறார். தாத்தாவின் கூனிதான் அத்தையின் சீனிக்காரியா என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. அடுத்த வாரம் நோட்டோடு மறுபடி போகிறேன்.